வில்லியம் லாம்டன்

வில்லியம் லாம்டன் (சு. 1753 – 20 ஜனவரி 1823) என்பவர் பிரித்தானியப் படை அதிகாரியும் நில அளவையாளரும் ஆவார். 1802 ஆம் ஆண்டில் சென்னை பரங்கிமலை அருகே ஒரு நேர்கோட்டை அளந்து இவர் தொடங்கிய பணியே பின்னாளில் இந்தியாவின் மாபெரும் முக்கோணவியல் நில அளவை எனப் பெயர் பெற்றது. கோணங்களை மட்டும் அளந்து தொலைவுகளையும் உயரங்களையும் கணிக்கும் முறையை ஒரு துணைக்கண்டம் முழுவதற்கும் விரித்தவர் என்ற வகையில் இவரது பெயர் நினைக்கப்படுகின்றது. எவரெசுட்டு சிகரத்தின் உயரம் கணிக்கப்பட்டதும் இவர் தொடங்கிய முக்கோணச் சங்கிலியின் தொடர்ச்சியினால்தான். ஆயினும் அச்சிகரத்துக்கு இவருக்குப் பின் வந்தவரின் பெயரே சூட்டப்பட்டது. லாம்டனின் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே.

இளமையும் படைப்பணியும்

லாம்டன் இங்கிலாந்தின் வடக்கு யார்க்சயர் பகுதியில் நார்த்தலர்ட்டன் என்னும் ஊருக்கு அருகில் உள்ள கிராசுபி கிரேஞ்சு என்ற இடத்தில் எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தார். கணிதத்தில் இயல்பான நாட்டம் உடையவராக இருந்தார். 1781 இல் படையில் இளநிலை அதிகாரியாகச் சேர்ந்து, அமெரிக்க விடுதலைப் போரில் பங்கேற்று, யார்க்டவுனில் பிரித்தானியப் படை சரணடைந்தபோது சிறைப்பட்டார். பின்னர் கனடாவின் நியூ பிரன்சுவிக் பகுதியில் எல்லை அளவைப் பணியிலும் படைக் குடியிருப்புகளின் பொறுப்பிலும் பல ஆண்டுகள் இருந்தார். சூரிய கிரகணம் ஒன்றைப் பார்த்ததில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். வாழ்நாளின் பிற்பகுதி முழுவதும் தொலைநோக்கியின் வழியே பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் அதனை ஒற்றைக் கண்ணுடன் செய்தார் என்பது கருதத்தக்கது.

இவரது வாழ்க்கையில் நாற்பது வயது வரை குறிப்பிடத்தக்கதாக எதுவும் நிகழவில்லை. 33 ஆவது படைப்பிரிவுடன் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட பின்னரே இவரது உண்மையான பணி தொடங்கியது. அப்படைப்பிரிவின் தலைவர், பிற்காலத்தில் வெலிங்டன் கோமகன் எனப் பெயர் பெற்ற ஆர்தர் வெல்லெசுலி ஆவார். 1799 இல் திப்பு சுல்தானுக்கு எதிரான நான்காம் மைசூர்ப் போரில் லாம்டன் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் பங்கேற்றார். அப்போரின்போது இரவில் அணிவகுத்துச் சென்ற தளபதி பேர்டின் படை திசை மாறி எதிரியின் பக்கமே சென்றுகொண்டிருந்ததை விண்மீன்களைப் பார்த்தே லாம்டன் உணர்ந்து எச்சரித்தார் என்று கூறப்படுகின்றது.

முன்மொழிவும் எதிர்ப்பும்

மைசூர் வீழ்ந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பரப்பு திடீரென்று விரிந்தது. புதிய நிலத்தை ஆள்வதற்கும் வரி விதிப்பதற்கும் படை நடத்துவதற்கும் வரைபடங்கள் தேவைப்பட்டன. அக்காலத்து வரைபடங்கள் பெரும்பாலும் சாலை வழியே சக்கரம் உருட்டி அளந்த தூரங்களையும் திசைகாட்டியையும் நம்பியவை. ஒரு நாள் பயணத்தில் நேரும் சிறு பிழை அடுத்த நாளின் பிழையுடன் சேர்ந்து வளர்ந்துவிடும். அதனைத் திருத்த வழி இல்லை.

சோழமண்டலக் கடற்கரையிலிருந்து மலபார்க் கடற்கரை வரை முக்கோணங்களால் ஆன ஒரு வலையை அமைக்கலாம் என்று லாம்டன் முன்மொழிந்தார். வெல்லெசுலியின் பரிந்துரையும் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவின் ஆதரவும் கிடைத்தன. லாம்டனின் நோக்கம் வரைபடத்துடன் நிற்கவில்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் ஒரு பாகை நெட்டாங்கு வில்லின் நீளத்தை அளந்து, புவி துருவங்களில் எவ்வளவு தட்டையானது என்பதைக் கண்டறியவும் அவர் விரும்பினார். வணிகம் செய்ய வந்த கம்பெனிக்கு இந்த ஆய்வினால் உடனடிப் பயன் எதுவும் இல்லை. சென்னை நிதிக் குழுவில் இருந்த ஒருவர், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போக வேண்டுமானால் பல்லக்குத் தூக்குவோரிடம் சொன்னால் போதுமே, இத்தனை செலவில் அந்த ஊரின் இருப்பிடத்தைக் கணிப்பானேன் என்ற பொருளில் ஏளனம் செய்ததாக அறியப்படுகின்றது. இக்கேள்வி லாம்டனின் பணிக்காலம் முழுவதும் ஏதேனும் ஒரு வடிவில் எழுந்துகொண்டே இருந்தது.

கோணத்திலிருந்து உயரம்

லாம்டன் செய்ததைப் புரிந்துகொள்ளப் பள்ளிக் கணிதமே போதுமானது. பார்ப்பவரின் கிடைமட்டப் பார்வைக் கோட்டுக்கு மேலே உள்ள ஒரு பொருளைப் பார்க்கும்போது உண்டாகும் கோணம் ஏற்றக்கோணம் எனப்படும். கீழே உள்ள பொருளைப் பார்க்கும்போது உண்டாவது இறக்கக்கோணம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் உயரம் ஏறத்தாழ 52 மீட்டர். அதன் நடுவிலிருந்து 300 மீட்டர் தொலைவில், தடையின்றிக் கோபுர உச்சியைக் காணக்கூடிய சமதளத்தில் ஒருவர் நின்றால் ஏற்றக்கோணம் சற்றேறக்குறைய 9½ பாகையாக இருக்கும். அதன் டேஞ்சண்ட் மதிப்பு 0.1673. இதனை 300 ஆல் பெருக்க 50.2 மீட்டர் கிடைக்கும். பார்ப்பவரின் கண் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டு அதனைக் கூட்டினால் 51.7 மீட்டர். கோபுரத்தில் ஏறாமலேயே உயரம் கிடைத்துவிடுகின்றது.

ஆனால் மலைக்கு இம்முறை நேரடியாகப் பொருந்தாது. உச்சிக்கு நேர் கீழே உள்ள புள்ளி மலையின் உள்ளே இருப்பதால் அதுவரை உள்ள தொலைவை அளக்க முடியாது. அப்போது இரண்டு இடங்களிலிருந்து கோணங்களை அளக்க வேண்டும். மதுரையில் வைகையின் தென்கரையில் அமைந்த ஆரப்பாளையம் போன்ற ஒரு சமவெளிப் பகுதியில் நின்று தொலைவில் உள்ள ஒரு குன்றைப் பார்க்கும் மாணவருக்கு ஏற்றக்கோணம் 6 பாகை என்றும், அக்குன்றை நோக்கி நேராக 500 மீட்டர் நடந்த பின் அது 8 பாகை என்றும் வைத்துக்கொண்டால், இரு டேஞ்சண்ட் மதிப்புகளின் பெருக்குத்தொகையை அவற்றின் வேறுபாட்டால் வகுத்து 500 ஆல் பெருக்கக் குன்றின் உயரம் ஏறத்தாழ 208 மீட்டர் என வரும். இங்கே தரையில் உண்மையாக அளக்கப்பட்டது அந்த 500 மீட்டர் மட்டுமே. அது தவறானால் அதே விகிதத்தில் உயரமும் தவறாகிவிடும்.

லாம்டனின் முறையும் இதுவே. ஒரு கோட்டை மட்டும் மிகத் துல்லியமாகத் தரையில் அளக்க வேண்டும். இது ஆதாரக்கோடு. அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவில் உள்ள மூன்றாவது புள்ளிக்குக் கோணம் அளந்தால் முக்கோணத்தின் மற்ற இரு பக்கங்களும் கணக்கில் கிடைக்கும். அப்பக்கங்களே அடுத்த முக்கோணங்களுக்கு ஆதாரமாகும். இவ்வாறு நூற்றுக்கணக்கான மைல்களுக்குத் தரையில் சங்கிலி இழுக்காமலேயே செல்லலாம். ஆதாரக்கோட்டில் ஏற்படும் பிழையும் கூடவே பயணம் செய்யும் என்பதுதான் இதில் உள்ள இடர்.

பரங்கிமலை ஆதாரக்கோடு

1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலையின் அடிவாரச் சமவெளியில் தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஆதாரக்கோடு அளக்கும் பணி தொடங்கியது. கோட்டின் நீளம் ஏழரை மைலுக்குச் சற்று மிகுதி. அடிக் கணக்கில் ஏறத்தாழ 40,006. கிலோமீட்டரில் 12.2. இதனை அளக்க 57 நாட்கள் ஆயின. ஒருவர் மூன்று மணி நேரத்தில் நடந்து கடக்கக்கூடிய தூரம் அது.

அளக்கப் பயன்பட்ட எஃகுச் சங்கிலி இலண்டன் கருவியியலாளர் செசி ராம்சுடென் செய்தது. நீளம் 100 அடி. இரண்டரை அடி நீளமுள்ள 40 கம்பிகளால் ஆனது. சீனப் பேரரசருக்குப் பரிசாக மெக்கார்ட்னி தூதுக்குழு கொண்டுசென்ற பொருள்களுள் இதுவும் ஒன்று. அங்கே விரும்பப்படாததால், குழுவில் சென்ற டின்விடி என்ற அறிவியலாளர் வழியாகக் கல்கத்தாவுக்கு வந்து, அங்கிருந்து லாம்டனின் கைக்குக் கிட்டியது. விண்மீன்களின் உச்சிக்கோணத்தை அளக்கும் கருவி ஒன்றும் அவ்வாறே வந்தது.

சங்கிலியைத் தரையில் இழுத்து அளக்கவில்லை. மரப்பெட்டிகளைத் தாங்கிகளின் மேல் ஒரே மட்டத்தில் வரிசையாக வைத்து, அவற்றுள் சங்கிலியைக் கிடத்தி, வெயில் படாமல் கூடாரத்தால் மறைத்து, வெப்பமானிகளைப் பார்த்துப் பார்த்து 400 முறை அளந்தனர். இத்தனை கவனம் ஏன் என்பதற்கு ஒரு சிறு கணக்கு விடை தரும். 100 அடி எஃகுச் சங்கிலி, வெப்பநிலை ஒரு செல்சியசு பாகை உயரும்போது ஏறத்தாழ 0.35 மில்லிமீட்டர் நீளும். காலைக்கும் நண்பகலுக்கும் 10 பாகை வேறுபாடு இருந்து, அதனைப் பொருட்படுத்தாமல் 400 முறை அளந்தால் பிழை 1.4 மீட்டர் ஆகிவிடும். சித்திரை, வைகாசி மாதச் சென்னை வெயிலில் இப்பணி நடந்தது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

பெரிய தியோடலைட்டு

கோணங்களை அளப்பதற்கான பெரிய தியோடலைட்டு இலண்டனில் வில்லியம் கேரி என்பவரால் செய்யப்பட்டது. இதன் கிடைவட்டம் 36 அங்குல விட்டமுடையது; கருவியின் எடை ஏறத்தாழ அரை டன். இதனை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி மொரீசியசுக்குக் கொண்டுசென்றனர். அது அறிவியல் கருவி என்பதை அறிந்ததும் அங்கிருந்த அதிகாரிகள் அதனைச் சென்னைக்கு அனுப்பிவைத்தனர். இரு நாடுகளும் பகை பாராட்டிய காலத்தில் நிகழ்ந்த அரிய பெருந்தன்மை இது. 1802 செப்டம்பரில் கருவி வந்து சேர்ந்தது.

அரை டன் கருவி எதற்கு என்ற கேள்விக்கும் கோணக் கணக்கே விடை. 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு மலையுச்சியைப் பார்க்கும்போது கோணத்தில் ஒரு நிமிடம், அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, தவறினால் உயரத்தில் ஏறத்தாழ 9 மீட்டர் தவறும். ஒரு விநாடி மட்டுமே தவறினால் பிழை 15 சென்டிமீட்டருக்குள் அடங்கும். விநாடி அளவுக்கு நுணுகிக் கோடு கிழிக்க வேண்டுமானால் வட்டம் பெரிதாக இருக்க வேண்டும். வட்டம் பெரிதானால் எடையும் மிகும். இக்கருவியை ஒவ்வொரு குன்றின் உச்சிக்கும் மனிதர்களே தூக்கிச் சென்றனர். அவர்களது பெயர்கள் ஆவணங்களில் மிக அரிதாகவே காணப்படுகின்றன.

மேற்குக் கடற்கரை வரை

பரங்கிமலையிலிருந்து முக்கோணங்கள் மேற்கு நோக்கி வளர்ந்து மைசூர் மேட்டுநிலத்தை அடைந்தன. 1804 இல் பெங்களூர் அருகே சரிபார்ப்பதற்காக மற்றோர் ஆதாரக்கோடு அளக்கப்பட்டது. இந்தப் பணியை லாம்டனின் உதவியாளர் ஜான் வாரன் மேற்கொண்டார். பரங்கிமலையிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீட்டர் தொலைவுக்கு முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டு வந்த நீளத்துக்கும், தரையில் சங்கிலியால் அளந்த நீளத்துக்கும் இடையே ஏழு மைலுக்கு மேற்பட்ட கோட்டில் இருந்த வேறுபாடு 3.7 அங்குலம் மட்டுமே. பல்லக்குக் கதை சொன்னவர்களுக்கு இதைவிடச் சிறந்த விடை இருந்திருக்க முடியாது.

முக்கோணங்கள் மங்களூர்க் கடற்கரையை எட்டியபோது மற்றோர் உண்மை வெளிப்பட்டது. தீபகற்பத்தின் அகலம் அந்த இடத்தில் 400 மைல் என்று நம்பப்பட்டு வந்தது. லாம்டனின் கணக்கில் அது 360 மைல்தான். வரைபடத்தில் இருந்த 40 மைல் நிலம் உண்மையில் இல்லை.

தெற்கே: தஞ்சாவூரும் மதுரையும்

இதன் பின் லாம்டன் தமது கவனத்தை வடக்கு–தெற்குக் கோட்டின் பக்கம் திருப்பினார். 78 பாகை கிழக்கு நெட்டாங்கை ஒட்டிக் கன்னியாகுமரி வரை முக்கோணங்களைக் கொண்டுசெல்வது திட்டம். இதுவே பெருவில் எனப்படுகின்றது. கோயம்புத்தூர், பாளையங்கோட்டை ஆகிய இடங்களிலும் சரிபார்க்கும் ஆதாரக்கோடுகள் அளக்கப்பட்டன. 78 பாகைக் கோடு ஆரப்பாளையத்துக்கு மேற்கே பத்துப் பதினொரு கிலோமீட்டர் தொலைவில் செல்கின்றது. முக்கோணங்களின் பக்கங்கள் பல மைல் நீளமுள்ளவை என்பதால் மதுரைச் சமவெளி அந்தச் சங்கிலியின் வழியிலேயே அமைந்தது. மதுரையைச் சூழ்ந்த நிலம் இப்பணிக்கு ஏற்றது. வடக்கே சிறுமலை, அழகர்மலை, மேற்கே நாகமலை எனச் சமவெளியிலிருந்து திடீரென எழும் குன்றுகள் ஒன்றிலிருந்து ஒன்று தெரியக்கூடியவை.

காவிரிப் படுகையில் நிலைமை வேறு. தஞ்சாவூர்ப் பகுதி முழுவதும் தட்டை நிலம். தென்னையும் பனையும் பார்வையை மறைத்தன. குன்றுகள் இல்லாத இடத்தில் கோயில்களின் உயர்ந்த கட்டுமானங்களே அளவை நிலையங்கள் ஆயின. 1808 இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதியது. துல்லியமாகக் கோடு கிழிக்கப்பட்ட பெரிய வட்டம் நெளிந்து உருமாறிப்போனது.

இந்தியாவில் அதற்கு இணையான கருவி வேறு இல்லை. இங்கிலாந்திலிருந்து புதிதாக வரவழைக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். பணியை நிறுத்திவிட அரசுக்கு அது நல்ல காரணமாகவும் அமைந்திருக்கும். லாம்டன் கருவியைப் பகுதி பகுதியாகக் கழற்றினார். மரப்பலகையில் வட்டத்தின் சரியான அளவை வரைந்து, அதன் மேல் நெளிந்த வட்டத்தை வைத்து, ஆப்புகள், திருகுகள், கப்பிகள் ஆகியவற்றால் ஒவ்வோர் ஆரத்தையும் உரிய நீளத்துக்குச் சிறிது சிறிதாக இழுத்தார். படைக்கலச் சாலைக் கைவினைஞர்கள் உதவினர். ஆறு வாரங்களில் கருவி மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. எஞ்சியிருந்த சிறு கோணலின் விளைவைக் குறைக்க, வட்டத்தின் வெவ்வேறு பகுதிகளில் ஒரே கோணத்தைப் பன்முறை அளந்து சராசரி காணும் முறை கைக்கொள்ளப்பட்டது. கருவியைத் திருத்தியதைவிட, திருத்த முடியாத பிழையோடு வாழக் கற்றதே பெரிய செயல் எனலாம்.

கன்னியாகுமரிக்கு அருகில் புன்னை எனக் குறிக்கப்பட்ட இடம் பெருவில்லின் தென்கோடி நிலையம் ஆயிற்று. அங்கு விண்மீன்களை நோக்கி அதன் அகலாங்கு கணிக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குப் பின், முக்கோணச் சட்டகத்தை அடிப்படையாகக் கொண்ட விரிவான நிலப்பட வேலையில் வார்டு, கான்னர் என்ற இருவரும் ஈடுபட்டனர். மதுரை, திண்டுக்கல் பகுதிகளின் அளவைக் குறிப்பு வார்டு எழுதியதாகும். 1794 இல் சென்னையில் தொடங்கப்பட்ட நில அளவைப் பள்ளியில் பயின்றவர்கள் இத்தகைய பணிகளில் பெரும்பங்கு வகித்தனர். லாம்டனின் தலைமை உதவியாளராக உயர்ந்த ஜோசுவா டி பென்னிங்கும் அப்பள்ளி மாணவரே. இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரி அப்பள்ளியின் தொடர்ச்சியாகும்.

வளைந்த புவியில் உயரம்

பள்ளிக் கணக்கில் தரை தட்டையானது. லாம்டனின் தொலைவுகளில் அது தட்டையாக இல்லை. 30 கிலோமீட்டர் தொலைவில் புவியின் வளைவினால் மலை ஏறத்தாழ 70 மீட்டர் தாழ்ந்து தெரியும். மறுபுறம், காற்றின் அடர்த்தி உயரத்துடன் குறைவதால் ஒளிக்கதிர் வளைந்து, மலை ஏறத்தாழ 10 மீட்டர் உயர்ந்து தெரியும். ஒளிவிலகல் காலையில் ஓர் அளவு, நண்பகலில் வேறோர் அளவு. தரையின் வெப்பத்தைப் பொறுத்தும் மாறும்.

இதற்கு நில அளவையாளர் கண்ட வழி எளிமையானது. கீழிருந்து மேலே பார்த்த ஏற்றக்கோணத்துடன், மேலிருந்து கீழே பார்த்த இறக்கக்கோணத்தையும் அளப்பது. தட்டையான தரையில் இவ்விரண்டும் சமமாக இருக்கும். வளைந்த புவியில் இறக்கக்கோணம் மிகுதியாக இருக்கும். எடுத்துக்காட்டாக, 30 கிலோமீட்டர் இடைவெளியில் ஏற்றக்கோணம் 50 நிமிடம், இறக்கக்கோணம் 64 நிமிடம் எனக் கொள்வோம். ஏற்றக்கோணத்தை மட்டும் நம்பினால் உயரம் 436 மீட்டர். இரண்டின் சராசரியான 57 நிமிடத்தைக் கொண்டால் 497 மீட்டர். பின்னதே சரி. சராசரி எடுக்கும்போது புவியின் வளைவு முற்றிலும் நீங்கிவிடுகின்றது; இரு முனைகளிலும் ஒளிவிலகல் ஒத்திருந்தால் அதுவும் நீங்கிவிடும். 61 மீட்டர் வேறுபாடு ஒரு கணக்குப் புத்தகத்தில் சிறியதாகத் தோன்றலாம். தெற்குக் கோபுரத்தைவிட அது உயரமானது. கடல்மட்டத்தை அடிப்படையாகக் கொண்டு தொடங்கி, இத்தகைய கணிப்புகளால் உள்நாட்டு இடங்களின் உயரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெறப்பட்டன.

அகலாங்குகளைக் காணும் பணியில் லாம்டனுக்கு வேறொரு சிக்கல் ஏற்பட்டது. சில இடங்களில் விண்மீன் வழி கிடைத்த விடையும் முக்கோண வழி கிடைத்த விடையும் ஒத்துவரவில்லை. கருவியின் தூக்குக்குண்டு, நிலத்தடியில் உள்ள அடர்ந்த பொருளால் ஈர்க்கப்பட்டுச் சற்றே சாய்கின்றது என்று அவர் கருதினார். பிற்காலத்தில் இமயமலை அருகே இதே விளைவு பெரிதாக வெளிப்பட்டு, மலைகளின் வேர்கள் பற்றிய புவியியல் கோட்பாட்டுக்கு வழிவகுத்தது.

வடக்குப் பயணமும் மறைவும்

பெருவில் பின்னர் வடக்கு நோக்கி நீண்டு கூத்தி வழியாக 1815 இல் பீதருக்கு அருகில் உள்ள தாமர்கிட்டாவை எட்டியது. புன்னையிலிருந்து அதுவரை ஏறத்தாழ பத்துப் பாகை நீளமுள்ள வில், அதாவது சுமார் 1,100 கிலோமீட்டர், அளக்கப்பட்டிருந்தது. 1817 இல் லாம்டன் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். பிரெஞ்சு அறிவியல் கழகமும் அவரைத் தொடர்பு உறுப்பினராக ஏற்றது. 1818 இல் இப்பணி சென்னை அரசிடமிருந்து தலைமை ஆளுநரின் நேரடிப் பொறுப்புக்கு மாற்றப்பட்டு, மாபெரும் முக்கோணவியல் நில அளவை என்ற பெயரைப் பெற்றது. அவ்வாண்டிலேயே ஜார்ஜ் எவரெசுட்டு லாம்டனின் உதவியாளராக நியமிக்கப்பட்டார். தலைமையிடம் ஐதராபாத்தில் இருந்தது.

காட்டுக் காய்ச்சலே அளவையாளர்களின் பெரும்பகை. மழைக்குப் பின் காற்று தெளிந்திருப்பதால் தொலைவு நன்றாகத் தெரியும். காய்ச்சலும் அப்போதுதான் பரவும். கிருஷ்ணை, கோதாவரி ஆறுகளுக்கு இடைப்பட்ட காடுகளில் பலர் நோயுற்றனர், சிலர் இறந்தனர். எவரெசுட்டும் கடுமையாக நோயுற்று, உடல்நலம் தேற 1820 இல் நன்னம்பிக்கை முனைக்குச் சென்றார். கருவி சுமந்தவர்களுக்கும் கொடி பிடித்தவர்களுக்கும் அத்தகைய ஓய்வு வாய்க்கவில்லை.

லாம்டன் அமைதியான இயல்பினர், கூடாரங்களிலேயே வாழ்ந்தவர். முறையாக மணம் செய்துகொள்ளவில்லை எனினும் இந்தியாவில் அவருக்குக் குடும்பமும் குழந்தைகளும் இருந்தனர். தாயகத்துக்கு ஒருமுறையும் திரும்பவில்லை. வயது எழுபதை நெருங்கிய நிலையில், நுரையீரல் நோயுடன், தலைமையிடத்தை நாக்பூருக்கு மாற்றும் பயணத்தில் இருந்தபோது 1823 ஜனவரி 20 அன்று இன்றைய மகாராட்டிர மாநிலத்தின் வார்தா மாவட்டத்தில் உள்ள இங்கன்காட்டில் காலமானார். அவரது கல்லறை அங்கேயே உள்ளது. அவரது காலத்தில் முக்கோணங்களால் மூடப்பட்ட பரப்பு ஏறத்தாழ 1,65,000 சதுர மைல்.

பின்னர்

எவரெசுட்டு பொறுப்பேற்றதும் லாம்டனின் முறைகளைக் கடுமையாக ஆராய்ந்தார். சங்கிலிக்குப் பதிலாக வெப்பத்தால் நீளம் மாறாதவாறு இரு உலோகங்களால் செய்த சட்டங்களைக் கொண்டுவந்தார். முந்தைய அளவுகளில் சிலவற்றை மீண்டும் செய்வித்தார். லாம்டனின் பணியிலிருந்த குறைகளை அவர் மறைக்கவில்லை. தெற்கு முனையிலிருந்து இமயத்தின் அடிவாரம் வரை சுமார் 2,400 கிலோமீட்டர் நீளமுள்ள பெருவில் 1841 இல் நிறைவுற்றது.

அச்சங்கிலியிலிருந்து கிழக்கே பிரிந்த முக்கோணங்களின் வழியாக, நேபாள எல்லைக்கு வெளியே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் நின்று இமயச் சிகரங்களின் ஏற்றக்கோணங்கள் அளக்கப்பட்டன. நேபாளத்துக்குள் செல்ல அனுமதி இல்லாததால் சிகரத்திலிருந்து இறக்கக்கோணம் அளக்க வழியில்லை. ஒளிவிலகலை மதிப்பிட்டே கழிக்க வேண்டியிருந்தது. வங்காளக் கணிதவியலாளர் இராதாநாத் சிக்தார் இக்கணிப்புகளில் முதன்மைப் பங்காற்றினார். பதினைந்தாம் சிகரம் என எண்ணிடப்பட்டிருந்த சிகரம் 29,002 அடி உயரமுடையது என 1856 இல் அறிவிக்கப்பட்டது. மீட்டரில் இது 8,840. 2020 இல் சீனாவும் நேபாளமும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். வேறுபாடு ஒன்பது மீட்டர் அளவே.

பரங்கிமலையில் லாம்டனுக்கு மார்பளவுச் சிலை ஒன்று வைக்கப்பட்டுள்ளது. எவரெசுட்டின் காலத்தில் அளவைக் கருவிகளைச் செப்பனிடும் பொறுப்பில் ஆர்க்காட்டைச் சேர்ந்த சையது மீர் மொசின் உசேன் பணியாற்றினார். முறையான அறிவியல் கல்வி இல்லாத அவரே பின்னர் அரசின் கருவியியலாளர் பதவிக்கு உயர்ந்தார். தஞ்சையில் மோதுண்ட தியோடலைட்டு எவரெசுட்டின் காலத்தில் மீண்டும் சீர்செய்யப்பட்டுப் பல ஆண்டுகள் பயன்பட்டது. அது இன்றும் டேராடூனில் இந்திய நில அளவைத் துறையிடம் பாதுகாக்கப்படுகின்றது.